உப்புத் தண்ணி ஊரில் வெள்ளைத் துண்டு

வாங்கும்போது பூ மாதிரி இருந்த தேங்காய்ப்பூத் துண்டு, ஆறே மாதத்தில் முகத்தைத் துடைத்தால் கீறுகிறது. மடித்து வைத்தால் அட்டை மாதிரி நிற்கிறது. வெள்ளை போய்ச் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம் வந்துவிடுகிறது. சேலத்தில் போர் தண்ணியில் துவைக்கும் வீடுகளின் மொட்டை மாடிக் கொடியில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். உடனே பவுடரை இன்னொரு கரண்டி கூட்டுகிறோம், சோப்பைப் போட்டு அழுத்தித் தேய்க்கிறோம், அதுவும் சரிவராவிட்டால் சொட்டு நீலத்தைக் கூட்டுகிறோம். துண்டு இன்னும் மோசமாகிறது. அதில் ஏறியிருப்பதில் பெரும்பங்கு அழுக்கே இல்லை, கல்.

ஊருக்கும் சேர்வராயன் மலை அடிவாரத்துக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கரடுகளை வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று எழுதி வைத்தார்கள். உண்மையில் அது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பக்கத்து ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர். இப்படிப்பட்ட பாறைகளுக்குள் ஊறி வரும் நிலத்தடி நீர் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு, போரின் ஆழத்துக்கு ஆழம் மாறும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை, அதாவது இப்படிக் கரைந்திருக்கும் கல்லின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கிறது.

நடுவில் 500 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 10 லிட்டர் பக்கெட் ஒன்றில் 5 கிராம், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டிக் கல் கரைந்திருக்கிறது. அரை கிலோ எடையுள்ள பெரிய துண்டு கையால் பிழிந்த பிறகும் ஏறக்குறைய அரை லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கொடியில் காய்கிற நீர் ஆவியாகிப் போகும். அதிலிருந்த கால் கிராம் கல் நூலிலேயே தங்கும். அடுத்த துவையலில் கொஞ்சம் கரைந்து போனாலும் மீதி அடுக்கு அடுக்காக ஏறும். மெஷினில் நன்றாகச் சுற்றிப் பிழிந்தால் தங்கும் நீர் பாதியாகும், கல்லும் பாதியாகும். பிழிவது சீக்கிரம் காய்வதற்கு மட்டுமல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

இதைவிடப் பெரிய கெடுதல் சோப்பு சேரும்போது நடக்கிறது. சோப்பு, கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் சேர்ந்து தண்ணீரில் கரையாத பிசுக்காகத் திரிகிறது. குளியலறை வாளியின் உட்பக்கம் விரலால் வழித்தால் வருமே, வெள்ளையும் சாம்பலுமாக மெழுகு போன்ற ஒன்று, அதுதான். தேங்காய்ப்பூத் துண்டின் ஒவ்வொரு கண்ணியிலும் அது படிகிறது, அழுக்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பில் வழுக்கிக்கொண்டு போவதற்கும் இதுவே காரணம். பவுடரும் லிக்விடும் இவ்வளவு மோசமாகத் திரிவதில்லை. துணி துவைக்கும் கட்டிகளில் வேறொரு சிக்கல் உண்டு. பலவற்றில் கட்டியாக நிற்பதற்காகவே களிமண், சுண்ணாம்புக்கல் தூள் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். சட்டைக் காலரில் தேய்த்தால் அலசிப் போய்விடும். கண்ணி கண்ணியாக இருக்கும் துண்டில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தேங்காய்ப்பூத் துண்டில் கட்டி போட்டுத் தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். துவைக்கிற கல்லில் அடிப்பதும் கூடாது, கண்ணி அறுந்து நூல் கொட்டும்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க டி.டி.எஸ். பேனா உதவாது. அது கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. சுத்தமான சோப்புக் கட்டியைச் சீவி வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். டிடெர்ஜென்ட் கட்டி இதற்கு ஆகாது. மூடியுள்ள பாட்டிலில் பாதி போர் தண்ணி, இன்னொன்றில் பாதி மழைத்தண்ணி அல்லது காவேரித் தண்ணி. இரண்டிலும் பத்துச் சொட்டு சோப்புக் கரைசல் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். நல்ல தண்ணி மேலே நுரையாக நிற்கும், கீழே தெளிவாக இருக்கும். உப்புத் தண்ணி நுரைக்காமல் மோர் மாதிரிக் கலங்கித் திப்பி திப்பியாக மிதக்கும். அந்தத் திப்பிதான் துண்டில் ஏறுகிறது.

குழாயில் மேட்டூர் தண்ணி முறை வைத்து வரும் வீடுகளில், கையிலிருக்கும் இரண்டு மூன்று குடத்தை எங்கே செலவழிப்பது என்பதே கேள்வி. பலரும் கடைசி அலசலுக்கு எடுத்து வைக்கிறார்கள். சோப்பு சேரும் இடத்துக்குத்தான் அது முதலில் போக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பவுடர் கரைத்து ஊறவைக்கும் தண்ணீர் காவேரித் தண்ணியாக இருந்தால் பிசுக்குத் திரிவது பெரிதும் குறையும், பவுடரும் பாதி போதும். கடைசி அலசலுக்கும் மிஞ்சினால் நல்லது. மிஞ்சாவிட்டால் போர் தண்ணியில் வினிகர் சேர்த்துச் சமாளிக்கலாம். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் கல் கிடையாது. கோடையில் குழாயடியில் பக்கெட் வைத்தால் கடைசி அலசலுக்கு ஆகும், தூசியை மட்டும் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைத் துண்டு துவைக்க எடுக்கவே கூடாது. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்து, போர் தண்ணியைவிடக் கெட்டியாக வருவது அது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வாராந்திரத் துவையல்

துண்டைத் தனியாகத் துவைக்க வேண்டும். சட்டை, ஜீன்ஸ், கஞ்சி போட்ட வேட்டி எதுவும் கூட வேண்டாம். கஞ்சி கரைந்த தண்ணியில் நனைந்த துண்டு எப்படிக் காயும் என்று சொல்லத் தேவையில்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் ஒரே நுரைத்தண்ணியில் மூன்று நடை போடுகிற வீடுகளில் வெள்ளைத் துண்டுதான் முதல் நடையாக இருக்க வேண்டும். கடைசியாகப் போட்டால் மற்றத் துணிகளின் சாயமும் அழுக்கும் அதில்தான் ஏறும். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது. துண்டு தண்ணீர் குடித்து ஊதும், புரள இடம் வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சூடு வேண்டும். 55 முதல் 60 டிகிரி போதும். சேலத்தில் குழாய்த் தண்ணி 30 டிகிரிவாக்கில் இருக்கும்போது 6 லிட்டர் குழாய்த் தண்ணியோடு 4 லிட்டர் கொதிக்கும் தண்ணி கலந்தால் 58 டிகிரி வரும். ஏற்காட்டில் இதே அளவு போதாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், குழாய்த் தண்ணியும் சில்லென்று இருக்கும். அங்கே பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கையில் பொறுக்காத சூடு அது, குச்சியால் கிளறுங்கள்.

10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பவுடர், போர் தண்ணியாக இருந்தால் கூடவே ஒரு தேக்கரண்டி சலவை சோடா. சோடாவை முதலில் போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் விட்டுப் பிறகு பவுடர் போடுங்கள். சோடா கால்சியத்தைப் பிடித்து அடியில் வண்டலாக இறக்கும். தெளிந்த மேல் தண்ணியை மட்டும் மொண்டு எடுத்தால் நல்லது. வண்டலோடு துவைத்தால் அதே கல் துண்டில் ஏறும். மெக்னீசியத்தை இது முழுதாக இறக்காது, அதனால் சேலத்தில் பாதிப் பலன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. மளிகைக் கடையில் 'சோடா' என்று மட்டும் கேட்டால் ஆப்ப சோடாவைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு இந்த வேலைக்கு வலு போதாது. சலவை சோடா கையை அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று தடவை அலச வேண்டும். சோப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி: துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து, சூடான வெறும் தண்ணியில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிசையுங்கள். நுரை வந்தால் இத்தனை நாளாகப் பழைய சோப்பைத்தான் உடுத்திக்கொண்டிருக்கிறது.

கடைசி அலசலில் 10 லிட்டருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர். பவுடர், சோடாவின் காரத்தை முறிக்கும், அன்றைக்கு ஏறிய கல்லை அன்றைக்கே கரைத்துவிடும். ஐந்து நிமிடம் முக்கிப் பிழிந்தால் போதும்; காய்ந்ததும் வாடை இருக்காது. வினிகருக்குப் பதில் எலுமிச்சையோ சிட்ரிக் ஆசிடோ போட்டு அப்படியே காயவைக்கக் கூடாது. வினிகர் காற்றில் பறந்துவிடும். சிட்ரிக் ஆசிட் நூலிலேயே தங்கி, காயக் காயக் கெட்டியாகிப் பருத்தியை இற்றுப்போக வைக்கும். மெஷினில் ஊற்றுகிறவர்கள் மாதத்தில் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளலாம், ரப்பர் பாகங்களுக்குத் தினமும் புளிப்பு ஆகாது.

கடையில் விற்கும் வாசனை கண்டிஷனர் துண்டுக்கு வேண்டவே வேண்டாம். தொட்டால் மெத்தென்று இருக்கும், உண்மைதான். நூலின் மேல் கொழுப்புப் பூச்சு ஏறுவதால் வரும் மென்மை அது. துண்டின் வேலை தண்ணீரை உறிஞ்சுவது; பூச்சு அதைத் தடுக்கும். புதுத் துண்டு தண்ணியை உறிஞ்சாததற்கும் மில்லில் போடும் இதே மாதிரிப் பூச்சுதான் காரணம். உடுத்துவதற்கு முன் வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்தால் போய்விடும்.

ஏற்கெனவே கல்லாகிப் போன துண்டு

இதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது. இரவில் 60 டிகிரித் தண்ணி 10 லிட்டரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா, ஒரு மேசைக்கரண்டி பவுடர் கரைத்து இரண்டு துண்டுகளை முக்கி விடுங்கள். நல்ல தண்ணியாக இருப்பது இங்கே மிக முக்கியம். காலையில் தண்ணி கடுங்காப்பி நிறத்தில் இருக்கும், மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். நன்றாகப் பிழிந்து இரண்டு முறை அலசுங்கள். பிறகு சாதாரணத் தண்ணி 10 லிட்டரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட், அரை மணி நேரம். கல் நிறைய இருந்தால் குமிழ் வருவது தெரியும்.

பாதிப் பேர் இத்தோடு வேலை முடிந்தது என்று காயப்போடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் துண்டை விரலால் நிமிண்டிப் பாருங்கள், மெழுகு தடவியது போல் இருக்கும். புளிப்பு, கல்லை மட்டும் பிரித்து வெளியேற்றியிருக்கிறது. அந்தக் கல்லோடு பிணைந்திருந்த சோப்பின் கொழுப்பு இன்னும் துண்டிலேயே இருக்கிறது. அப்படியே காய்ந்தால் ஒரு வாரத்தில் மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிக்கும். மறுபடி ஒரு முறை வெந்நீரும் பவுடரும் போட்டுத் துவைத்து அலசினால்தான் கொழுப்புப் போகும், சிட்ரிக் ஆசிடும் போகும். சோடாவையும் சிட்ரிக் ஆசிடையும் ஒரே பக்கெட்டில் போட்டால் பொங்கு பொங்கென்று பொங்கும், பார்க்க வேலை செய்வது போல் தோன்றும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டதைத் தவிர அதில் ஒன்றும் நடக்கவில்லை.

வண்ணார் வெள்ளாவி வைத்ததும் இதே காரம், இதே சூடு. உவர்மண் கரைத்த நீரில் தோய்த்த துணியைத் தாழியில் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றில் அலசி, ஈரத்தோடு வெயிலில் விரித்தார்கள். உவர்மண்ணில் இருப்பதும் சோடா உப்புதான். ஈரத் துணியில் வெயில் படும்போது நிறம் வெளுக்கும், காய்ந்த துணியில் அவ்வளவு வெளுக்காது.

கறைகளில் மஞ்சள் பயமுறுத்தும், ஆனால் எளிது. மஞ்சள் பட்ட துண்டில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும், கறை கூடிவிடவில்லை. அலசிவிட்டு ஈரத்தோடு உச்சி வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று வெயிலில் தானே மறையும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் துண்டு அப்படியல்ல, அன்றைக்கே வெந்நீரில் போக வேண்டும். நல்லெண்ணெய் நாள் ஆக ஆகக் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகி மஞ்சளாகும், பிறகு எதற்கும் மசியாது. எண்ணெய்க் குளியலுக்கென்று ஒரு கலர் துண்டை ஒதுக்கிவிடுவது உத்தமம். சீயக்காய்த் துவர்ப்பு, காப்பிக் கறை இரண்டும் இரும்பு பட்டால் கறுக்கும். தகர வாளியும் துருப்பிடித்த கம்பிக் கொடியும் வெள்ளைத் துண்டுக்கு எதிரிகள். நைலான் கயிறு கட்டுங்கள்.

பிளீச்சை மாதக்கணக்கில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கல்லும் போன பிறகுதான் அதற்கு வேலை. 4 அல்லது 5 சதவீத திரவ பிளீச் என்றால் 10 லிட்டர் குளிர்ந்த தண்ணியில் 50 மில்லி, முதலில் தண்ணியில் கலக்கிவிட்டுப் பிறகு துண்டு, 10 முதல் 15 நிமிடம், மூன்று அலசல். இரும்புச் சத்துள்ள தண்ணியில் பிளீச் போட்டால் துண்டு வெளுப்பதற்குப் பதில் துருவேறி மஞ்சளாகும். பிளீச்சிங் பவுடரில் கால்சியமே இருக்கிறது, கல்லோடு போராடும் ஊரில் அது வேண்டாம். வினிகர், சிட்ரிக் ஆசிட், கழிப்பறை ஆசிட் எதுவும் பிளீச்சோடு ஒரே பக்கெட்டில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கூடச் செலவானாலும் ஆக்சிஜன் பிளீச் நல்லது: சோடியம் பெர்கார்பனேட் இரண்டு மேசைக்கரண்டி, 60 டிகிரித் தண்ணி 10 லிட்டர், இரண்டு மணி நேரம். குளிர்ந்த தண்ணியில் போட்டால் பாதி வீண்.

சொட்டு நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், எடுக்காது. போடுவதானால் ஒரு பக்கெட்டுக்கு நான்கைந்து சொட்டு, நன்றாகக் கலக்கிய பிறகு துண்டு.

காயப்போடுவது

பாதி மென்மை உதறுவதில் இருக்கிறது. பிழிந்ததும் இரண்டு முனையைப் பிடித்துப் பத்துத் தடவை படார் படாரென்று உதறினால் படுத்துக் கிடக்கும் கண்ணிகள் எழுந்து நிற்கும். பருத்தி நூல்களுக்கு நடுவே கடைசியாக நிற்கும் கொஞ்ச ஈரம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது, அசையாமல் காய்ந்தால் அப்படியே இறுகிவிடும். அதனால் முக்கால் ஈரம் போனதும் இன்னொரு உதறல், எடுக்கும்போது ஒன்று. சேலத்துச் சித்திரை வெயிலில் காலை ஒன்பதுக்குப் போட்ட துண்டைச் சாயங்காலம்தான் எடுப்பது என்றால் அப்பளம்தான் கிடைக்கும். முதல் ஒரு மணி நேரம் நேர் வெயில், வெளுப்புக்கு. லேசான ஈரம் இருக்கும்போதே நிழல் கொடிக்கு மாற்றிவிடுங்கள். இஸ்திரி போட வேண்டாம், எழுந்த கண்ணியெல்லாம் மறுபடி படுத்துவிடும்.

ஏற்காடு மலை ஏறி இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் சிக்கல் வேறாகிவிடுகிறது. மழைத்தண்ணியும் ஊற்றுத் தண்ணியும் கிடைக்கும் இடங்களில் கல் தொல்லை பெரிதாக இல்லை. பவுடரை உப்புத் தண்ணி அளவுக்குப் போட்டால் அலசி மாளாது, பாதியாகக் குறையுங்கள். ஆனால் வெயில் இல்லை. மழையும் பனிமூட்டமும் நிற்கும் மாதங்களில் கனத்த துண்டு இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஈரம் தங்கும் நேரம் நீள நீளக் கிருமி பெருகிப் புளித்த வாடை வரும், பிறகு கரும்புள்ளி விழும். வாடை வந்த துண்டைச் சும்மா துவைத்தால் காய்ந்ததும் போனது போல் இருந்து, நனைந்ததும் திரும்ப வரும். 60 டிகிரித் தண்ணியில் பெர்கார்பனேட் போட்டு ஊறவைத்தால்தான் தீரும். கரும்புள்ளி நூலுக்குள் இறங்கிவிட்டால் பிளீச்சும் முழுதாக எடுக்காது.

அங்கே மழைக்காலத்துக்கு மெல்லிசான ஈரிழைத் துண்டுதான் சரி. தேங்காய்ப்பூதான் வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள். இரண்டு முறை சுற்றிப் பிழிந்து, கொடியில் இரண்டாக மடித்துத் தொங்கவிடாமல் ஓரத்தில் கிளிப் போட்டு ஒற்றையாகத் தொங்கவிட்டு, ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் ஒரு சாண் இடம் விட்டு, கீழிருந்து ஃபேன் காற்று படும்படி வையுங்கள். விறகடுப்புக்கு மேலே கட்டினால் சீக்கிரம் காயும், புகை ஏறி மஞ்சளாகும். மரத்தடிக் கொடியில் ஈர இலை விழுந்து ஒட்டினால் பழுப்புக் கறை பிடிக்கும், உடனே எடுத்துவிடுங்கள். செம்மண் தெறித்தால் ஈரத்தில் தேய்க்கக் கூடாது. காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பிறகு நனையுங்கள். செம்மண்ணின் சிவப்பு இரும்பு, பிளீச் அதைத் தொடாது.

அலமாரியில் வைப்பதற்கு முன் மடிப்பின் ஓரத் தையலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி காய்ந்திருந்தாலும் ஓரம் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மறுபடி ஃபேனடியில் போடுங்கள்.